மாடுகள் கேட்ட பாட்டு

ஏனுங்க, இன்று சித்தூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். செருப்புத் தைக்கிறவர் ஒருவர் புங்க எண்ணெய் பூசிய தோலை வெயிலில் விரித்திருந்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், வந்த பஸ்ஸையும் விட்டுவிட்டேன். நம் கிணற்றுக் கவலையில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த தோல் சாலின் வாடையல்லவா அது! ஆயில் எஞ்சின் வந்தபின் சாலைக் கழற்றிப் போட்டாயிற்று. நீங்கள் போயும் இரண்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் அங்கேயே நின்று உங்களோடு பேசிக்கொண்டிருந்தேன். பார்த்தவர்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

நம் ஊர் மலையாள ராஜ்யமான திருக்கொச்சியில் இருந்த காலம். தை மாதம். மிளகாய் பூவும் பிஞ்சுமாக நிற்கும்போது வண்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டு வந்தீர்கள். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, "ரெண்டு மாசம் கால ஊணப்படாது" என்று சொல்லிவிட்டுப் போனார். கிழக்குக் காற்று நாலே நாளில் மண்ணின் ஈரத்தைக் குடித்துவிட்டது. அக்கம்பக்கத்து ஆண்களுக்கு அவரவர் கிணற்றடியில் வேலை. அந்தச் செடி செத்தால் வருஷம் முழுக்க நமக்குச் சோறு கிடையாது.

"கவலைய நா ஓட்டறனுங்க" என்றேன். உங்கள் அம்மாவுக்கு வந்ததே கோபம்! "கவலையில பொம்பள கால் வெச்சா ஊத்து வத்திப் போயிரும், தெரியுமல்லோ?"

"செடி செத்தப்பறம் ஊத்து இருந்து என்னங்கத்த பண்றது?" என்று நானும் கேட்டுவிட்டேன். நீங்கள் கட்டிலில் கிடந்தபடி விட்டத்தைப் பார்த்தீர்கள். அந்த ஒரு மௌனத்துக்காக இன்றைக்கும் உங்கள் மேல் கொஞ்சம் கோபம் உண்டு.

நானே போய் மாடுகளைப் பூட்டினேன். மாடுகள் சரிவில் இறங்கின. சால் நிரம்பி மேலே வந்து கொட்டியது. ஆனால் சால் மறுபடி கிணற்றில் இறங்க மாடுகள் பின்னால் நடந்து மேடேற வேண்டுமே, அதற்கு அசையவில்லை. கயிற்றை இழுத்தேன், கெஞ்சினேன், வாயில் வந்தபடி திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் பாட்டை இழுத்து முடிக்கும் இடத்தில்தான் அவை பின்னால் கால் வைக்கும். பாட்டில்லாமல் கவலை ஓட்டப் போன மடச்சி நான். மருமகள் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது என்று இருந்தவள், தோட்டம் முழுக்கக் கேட்கும்படி எப்படிப் பாடுவேன்?

அப்போது கிழக்கே வீட்டு வாசலிலிருந்து உங்கள் குரல் காற்றோடு வந்தது. உங்கள் அம்மாதான் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டார்களாம். மாடுகள் காதைத் தூக்கின, பின்னால் நடந்தன. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. உச்சி வெயில்வரை பாடினீர்கள்.

மறுநாள் உங்கள் தொண்டை கட்டிக்கொண்டது. மாடுகள் நின்றுவிட்டன. பாதித் தோட்டம் காய்ந்து கிடந்தது.

பாடினேன். முதல் அடி நடுங்கியது, இரண்டாவதில் சுருதி எங்கோ போனது. மூன்றாவது சாலுக்குக் குரல் திறந்துகொண்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலையை நிறுத்தி, "ஆரப்பா அது பாடறது?" என்று கூவினார். முந்தானையைச் செருகிக்கொண்டு மடை மாற்ற இறங்கியிருந்த உங்கள் அம்மா, "எம் மருமவதான்! ஏன், காது கேக்குலியா?" என்று திருப்பிக் கூவினார்கள். கடைசிப் பாத்திவரை தண்ணீர் பாய்ந்தது. ஊற்று வற்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்து நீங்கள் நொண்டிக்கொண்டு வந்து பாடினீர்கள். மாடுகள் என்னைத் திரும்பிப் பார்த்தன. "ஏம் புள்ள, இதுகளையும் மயக்கிப் போட்டயா?" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்களே, அந்தச் சிரிப்பில் என் கோபம் முக்கால்வாசி கரைந்தது. அதன் பிறகு ஓட்டுவது நீங்கள், பாடுவது நான் என்று ஆகிவிட்டது.

உங்கள் காரியம் முடிந்த அன்று, என்னை உள்ளே உட்காரவைத்துவிட்டுப் பங்காளிகள் வாசலில் பேசினார்கள். தோட்டத்தை யாருக்குக் குத்தகைக்கு விடுவது என்று பேச்சு. என்னை யாரும் கேட்கவில்லை. எழுந்து வெளியே வந்தேன்.

"தோட்டம் என்னுதுங்க. நாந்தான் வெள்ளாம பண்ணுவேன்."

மூன்று கிணறு தாண்டிக் கேட்டிருக்கும். பங்காளிகள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். இந்த வருஷம் ஊரிலேயே முதலில் பழுத்தது நம் மிளகாய்தான்.