இறங்கவும் பழகினோம்

இன்று எழுந்ததும் முதல் வேலையாகச் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் அமர்வதுபோல் உட்கார்ந்தேன். பல்கூடத் துலக்கவில்லை. சுவரின் குளிர் முதுகில் பரவியது. தொடை நடுங்கத் தொடங்கியபோது பக்கத்தில் நீயும் உட்கார்ந்திருந்தாய். கண்ணைத் திறந்தால் போய்விடுவாய் என்று மூடியே வைத்திருந்தேன்.

நம் வங்கியின் சாப்பாட்டு அறையில் இப்படித்தான் புடவையோடு உட்காருவோம். ஒரு நாள் மேலாளர் கதவைத் திறந்துவிட்டார்.

"என்ன மேடம், சேர் பத்தலையா?"

"சேர் இருக்குது சார், கால்லதான் பலம் பத்தல" என்றாய். அவர் டீயை மறந்து திரும்பிப் போனார்.

நாற்பதைத் தாண்டியபின் உனக்கு வந்த மலையேறும் ஆசைக்காகத்தான் அது. சென்னையில் ஒரு மலையேற்றக் குழு இமயமலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறது என்று எங்கோ கேட்டு வந்தாய். "ஒரு தடவ பனிய மிதிச்சிட்டு வந்துடணும்டி. போட்டோவுல பாத்தது போதும்." குழுவுக்குப் போன் செய்தபோது, முதுகில் பையோடு பகல் முழுக்க நடக்க வேண்டியிருக்கும், உடம்பைப் பழக்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள்.

பழக நம் ஊரில் எங்கே மலை? பழமலை என்று பெயர்தான் இருக்கிறது. அந்த மலை மண்ணுக்குள் அமிழ்ந்துவிட்டதாகச் சொல்வார்கள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகும் உனக்கு அந்தக் கதை என்னைவிட அதிகம் பிடித்திருந்தது. "அப்ப நாம மலை உச்சியிலதான் குடியிருக்கோம். இன்னும் எங்கடி ஏறணும்?"

கடைசியில் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலம்தான் நமக்கு மலையானது. உன் தம்பியின் சூளையில் வேகும்போது விரிசல் விட்ட பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைப் பையில் நிரப்பி, இருவரும் முதுகில் மாட்டிக்கொள்வோம். விடியற்காலைப் புகைமூட்டத்தில், அடிக்கு ஒரு தரம் அவை கலகலக்கும். தண்டவாளங்கள் வெளுத்து, எங்கோ முடிவில்லாமல் போய்க்கொண்டிருக்கும். நாமும் தரையைவிட்டு மெல்லக் கழன்றுகொண்டிருப்பதாகத் தோன்றும்.

"யக்கா, தெனம் வரீங்க, ஒரு வண்டியிலயும் ஏற மாட்டேங்கறீங்களே?" என்பார் டீ விற்பவர்.

"ஏறத்தான் பழகுறோம், அண்ணே."

மேலே போனதும் பையைக் கைப்பிடிச் சுவரில் இறக்கி வைத்து மூச்சு வாங்குவோம். பிறகு கதை பேசிக்கொண்டே தடதடவென்று இறங்கிவிடுவோம். ஏறுவது வேலை, இறங்குவது ஓய்வு என்பதுதான் நம் எண்ணம்.

அது எவ்வளவு பெரிய தப்பு என்று பர்வதமலையில் தெரிந்தது. ஒத்திகை பார்க்கலாம் என்று போயிருந்தோம். பாறையில் நட்ட கம்பிகளைப் பிடித்து நன்றாகவே ஏறினோம். உச்சியில் மேகம் நம்மைத் தொட்டுக்கொண்டு போனது. உன் முகம் மறைந்து மறைந்து தெரிந்தது. ஆனால் இறங்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே என் முட்டிகள் என்னுடையவையாக இல்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து அழுதேன். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நம்மைத் தாண்டி இறங்கிப் போனாள்.

"அழுவாதடி. ஏறுறதுக்கு மட்டும் பழகினோம். இறங்குறதும் ஒரு வேலன்னு நம்ம ரெண்டு பேர் மண்டைக்கும் ஒறைக்கல" என்றாய். நீ உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியதில் உன் புடவையின் பின்பக்கம் முழுக்கச் செம்மண்.

அதற்குப் பிறகு மேம்பாலத்தில் இறங்குவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டோம். பையோடு, முட்டியை லேசாக மடக்கி, பாதம் முழுவதையும் ஊன்றி, சத்தமே வராமல். கட்டைகள் கலகலத்தால் மறுபடி மேலேயிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது நீ போட்ட சட்டம்.

பயணத்துக்குப் பெயர் கொடுத்த பிறகுதான் உன் வயிற்றுக் கட்டி தெரியவந்தது. "அடுத்த வருசம் வரோம்னு சொல்லிடு. ரெண்டு பேரும்" என்றாய். சொன்னேன்.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு மாலை, லிஃப்ட் வேண்டாம் என்றாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு மாடி இறங்கினாய். ஒவ்வொரு படியிலும் பாதம் முழுவதையும் ஊன்றினாய். அகலமான ஜன்னல்களில் மஞ்சள் வெயில் நின்றது. நீ பிடித்திருந்த தோளில் கனமே தெரியவில்லை. கீழே வந்ததும், "சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். சிரித்தாய். அதற்குப் பின் நீ படுக்கையைவிட்டு எழவில்லை.

இப்போது மேம்பாலத்துக்குத் தனியாகப் போகிறேன். முதல் நாட்களில் பை இல்லாமல் போனேன். ஒரே ஒரு பையின் சத்தத்தைக் கேட்கப் பயமாக இருந்தது. டீக்காரர் ஒரு டம்ளரை நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் என் கணவர் மட்டும், "முட்டிய வச்சிக்கிட்டு பனியில போயி என்னா பண்ணப்போற? கொளஞ்சியப்பர் கோயில் வரைக்கும் நடந்துட்டு வா, போதும்" என்கிறார். முட்டி தேறிவிட்டது. மூச்சு முட்டி நிற்கும்போது, "இருடி, வரேன்" என்று சொல்ல ஆள் இல்லாத மலைதான் என்னைப் பயமுறுத்துகிறது.

போன வாரம் குழுவிலிருந்து போன் வந்தது. "மேடம், போன வருசம் சொன்ன மாதிரி ரெண்டு பேருங்களா? இந்த வாரத்துக்குள்ள உறுதி பண்ணிடுங்க." அவருக்கு விஷயம் தெரியாது. "கேட்டுச் சொல்றேங்க" என்றேன். யாரைக் கேட்பது என்று போனை வைத்த பிறகுதான் நினைத்தேன்.

அப்படியே விட்டால் இடம் தானாகவே போய்விடும். நாம் இருவரும் போகாமலே இருந்துவிட்டவர்களாக, உன்னோடு சேர்ந்தே நானும் இருந்துவிடலாம். இத்தனை நாளும் எனக்கு அதுதான் சுகமாக இருந்தது. ஆனால் நீ கற்றுக்கொண்ட இறக்கம் என் தோளில் இருக்கிறது. அதை ஒரு தடவையாவது உண்மையான மலையில் நடந்து பார்க்க வேண்டும்.

இன்று வங்கிக்குப் போனதும், கணவரிடம் சொல்வதற்கு முன்பே, சென்னைக்குப் போன் செய்யப் போகிறேன். "ஒருத்தர்தாங்க" என்று சொல்லப் போகிறேன்.