படிக்காமல் போட்ட கையெழுத்து

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன், போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறாய். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஆனால் மாத்திரை எழுதிக் கொடுப்பது பெண்டாட்டி ஆயிற்றே, அதனால் அதைத் தொடமாட்டார், மருந்துக்கடைக்காரர் சொன்ன தைலத்தைத்தான் தேய்த்துக்கொள்கிறார். கிளினிக்கில் பிரசவ அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, கதவு மட்டும் இன்னும் இழுத்துச் சாத்தினால்தான் மூடுகிறது.

போன மாதம் நம் மாநில டாக்டர்கள் சங்கத்துச் செயலாளர் என்னைத் தேடி வந்தார். இருபத்தாறு வருடமாக உறுப்பினராக இருக்கிறேன், ஒரு கூட்டத்தில் நன்றி சொல்லக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. அந்த மனிதர் நோயாளி உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர்கள் தேசியப் பேரவைக்கு நம்ம மாநிலத்து சார்பா நீங்கதான் போகணும் டாக்டரம்மா, சின்ன ஊர்ல கஷ்டப்படறவங்க குரல் அங்க கேக்கணும் என்றார். யார் காதில் பூ சுற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் சரி என்றேன். என்ன தீர்மானம் வருகிறது என்று, அந்தப் பேரவை அலுவலகத்திலேயே வேலை பார்க்கும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு டாக்டர் இருக்கும் கிளினிக்கில் பிரசவம் பார்க்கவே கூடாது என்று அரசாங்கத்துக்குப் பரிந்துரை செய்யப் போகிறார்கள். நிறைவேறினால் என் பிரசவ அறைக்குப் பூட்டுத்தான். நம் மாநிலத்துக்கு மூன்று ஓட்டு, அதில் ஒன்று என்னுடையது. செயலாளரோ நகரத்தில் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு எனக்கு ஏன் சந்தேகம் வராது, நீயே சொல்.

இவ்வளவு சந்தேகப்பட்டவள் என்ன செய்தேன் தெரியுமா. பதினொரு மணிக்கு வெளியே கூட்டம் நெரியும்போது லீவு சர்டிபிகேட், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சீட்டு எல்லாவற்றையும் நர்ஸ் ஒரே கட்டாக வைப்பாள், அவள் விரல் காட்டும் இடத்தில் நான் பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவேன். என்னால் வர முடியாவிட்டால் என் ஓட்டைச் செயலாளரே போடலாம் என்கிற தாளும் அந்தக் கட்டில் இருந்திருக்கிறது. சங்கத்து ஆள் அதை அந்த நேரம் பார்த்துக் கொண்டுவந்து, கையோடு வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவன் விட்டுப்போன நகலைச் சாயங்காலம் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவம், நர்ஸைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் முழுக்க அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அழுத பிறகுதான் புத்தி வந்தது, மன்னிப்புக் கேட்டேன். செயலாளருக்குப் போன் செய்தால், நீங்க நேர்ல வந்துட்டா அந்தத் தாள் செல்லாதுதான், ஆனா இந்த வயசுல எதுக்கு அலையணும் டாக்டரம்மா என்கிறார். அவருக்கு வேண்டியது நான் இல்லை, படிக்காமல் கையெழுத்துப் போடும் ஒரு கை.

அந்தப் பழக்கம் அவருக்கு எப்படித் தெரியும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டபோது ரேங்க் கார்டை இதே மாதிரித் தாள் கட்டுக்கு நடுவே செருகி என் கையெழுத்தை வாங்கியவள் நீ. இன்றைக்கும் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைப்பாய். சரி, விளையாட்டாக எங்கேயோ சொல்லியிருப்பாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு தீர்மானத்தின் வரைவை முதல் தடவையாக உட்கார்ந்து படித்தேன். ஒன்பதாம் பக்கத்தில், மின்சாரம் இல்லாத கிளினிக்கில் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ரத்தப்போக்கை நிறுத்த ஒரு டாக்டர் போராடினார், இந்த ஆபத்து இனியும் தொடரலாமா என்று போட்டிருக்கிறது. அந்த மழை நாள் மத்தியானம் அறையில் நானும் நர்ஸும் அந்தப் பெண்ணும்தான் இருந்தோம். டார்ச்சைக் கவ்வியதில் பல் ஆடியது என்று நான் எழுதியது உனக்கு மட்டும். அன்று பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது, வேறு எந்த ஆஸ்பத்திரிக்கும் வழியில்லை என்றும் எழுதியிருந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள் என்றும் எழுதியிருந்தேன். இந்த இரண்டும் ஒன்பதாம் பக்கத்தில் இல்லை.

உன்னைச் சந்தேகப்பட வெட்கமாக இருக்கிறது, படாமல் இருக்கவும் முடியவில்லை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவர் தாங்கமாட்டார். அந்தப் பக்கத்தை எழுதியது நீயா, இல்லை நீ எழுதியதில் வேறு யாராவது வெட்டினார்களா என்று பூசி மெழுகாமல் ஒரு வரி எழுது. எதுவானாலும் இருபதாம் தேதி ஓட்டெடுப்புக்கு நான் நேரில் வருகிறேன், ஒன்பதாம் பக்கத்தின் மிச்சத்தை எழுந்து நின்று சொல்லப் போகிறேன். அன்று பிறந்த அந்தப் பிள்ளை நேற்று தடுப்பூசிக்கு வந்து என் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து இழுத்தது. உன் வீட்டில் தங்குவதா விடுதியில் தங்குவதா என்பது உன் பதிலில் இருக்கிறது.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா