வடிகால் கணக்கு கேட்ட அக்காவுக்கு

இன்று காலை கடையைத் திறந்ததும் ஒருவர் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். எழுத்து வெளியே தெரியாதபடி ஒரு மனுவை மடித்துப் பிடித்திருந்தார். மிஷினில் என்னை வைக்கவிடாமல் அவரே வைத்தார். நகல் வெளியே வந்ததும் சூடு ஆறுவதற்குள் உருவிக்கொண்டு, "இன்னொரு காப்பி உள்ள எங்கியும் தங்காதுல்ல?" என்று கேட்டார். தங்காது என்றேன். நம்பவில்லை. மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் போன பிறகும் சூடான தாளின் வாசனை மேசையருகே நின்றது. அக்கா, நீங்களும் ஒருநாள் அதே மூடியைத் தூக்கிப் பார்த்தவர்தான்.

நம் தெருவின் கடைசி வீடு உங்களுடையது. சிதம்பரத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர், தெருவுக்கே சார், பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடந்தார். அந்த ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் முழுக்க உங்கள் வீட்டுக்குள் வந்தது. கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினோம். தண்ணீர் மேலும் ஏறியது. கடைசியில் அவரைப் போர்வையோடு தூக்கி எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தோம். நடுங்கிக்கொண்டிருந்த அவருடைய நாடியைப் பிடித்தபடி நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

மழை விட்டதும் தெருமுனைக்குப் போய் நகராட்சி வைத்திருந்த பலகையைப் படித்தீர்கள். தெரு முழுவதும் மழைநீர் வடிகால் கட்டி முடிக்கப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. வடிகாலோ பாதித் தெருவில், ஒரு மின்கம்பத்தடியில் நின்றுபோயிருந்தது. அதற்குமேல் வெறும் சேறு. "முடிச்சிட்டாங்களாம். மீதியை எந்த ஊர்ல முடிச்சாங்கன்னு கேக்கணும்" என்றீர்கள்.

கேட்டீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கைப்பட மனு எழுதி, கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, என் கடையில் நகல் எடுத்து அனுப்பினீர்கள். வேலைக்குக் கொடுத்த பணம், பில், அளந்து கையெழுத்துப் போட்ட அதிகாரி யார், எல்லாம் அதில் இருந்தன. ஊர்ப்பணத்தின் கணக்கை ஊரில் இருப்பவர் கேட்கிறார், இதில் என்ன வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

மறுவாரம் காண்டிராக்டரின் ஆள் ஆப்பிள் பையோடு உங்கள் வீட்டுக்கு வந்தான். சாரைப் பார்த்துவிட்டுப் போக வந்ததாகச் சொன்னவன், கிளம்பும்போது வாசலில் நின்று, "அளந்த ஆபீசர் பேரெல்லாம் எதுக்கும்மா உங்களுக்கு? சார் ஒடம்பப் பாருங்க" என்றானாம். பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக என் கடைக்கு வந்தீர்கள்.

"அந்த மனுவ நான் பாத்தேன், நீ பாத்த. வேற யாரு பாத்தா?"

"நான் யாருகிட்டயும் சொல்லலக்கா."

"உன் வீட்டுக்காரருகிட்ட?"

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில்தான் அந்தக் காண்டிராக்டர் சிமெண்டு எடுப்பார் என்பது தெருவுக்கே தெரியும். நீங்கள் மிஷினின் மூடியைத் தூக்கினீர்கள், குப்பைக்கூடையைக் கிளறினீர்கள், பிறகு போய்விட்டீர்கள். அதற்குப்பின் ஒரு நகல் எடுக்கக்கூட பஸ் ஏறிச் சிதம்பரம் போனீர்கள். என் கடையைத் தாண்டும்போது பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு போவீர்கள்.

அழுதேன், கோபப்பட்டேன். ஆனால் நீங்கள் போட்டுவிட்டுப் போன விதை என் வீட்டுக்குள்ளேயே முளைத்துவிட்டது. அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனால் என் காதும் கூடவே போனது. "இன்னைக்கி கடைக்கி யாரு யாரு வந்தாங்க?" என்று சாப்பாடு போடும்போது விசாரித்தேன். "என்னாடி புதுசா கேக்குற?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன். நல்ல மனிதரா, நடிக்கிறாரா என்று தெரியாமல் ஒரு வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொன்னதே இல்லை. தண்ணீர் புகுந்த வீட்டைவிட மோசம்.

தாங்காமல்தான் அதைச் செய்தேன். அதே வடிகாலைப் பற்றி நானே ஒரு மனு எழுதினேன். நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, வடிகாலின் நீளம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். நகல் எடுக்கவில்லை. வீட்டில் மூச்சு விடவில்லை. பேப்பர் கட்டு வாங்கப் போவதாகச் சொல்லிச் சிதம்பரம் போய், அங்கே ரிஜிஸ்டர் தபாலில் நம் நகராட்சிக்கு அனுப்பினேன்.

சில நாளில் அந்தக் காண்டிராக்டரின் ஆள் என் கடைக்கு வந்தான். ஆதார் அட்டையை நீட்டி ஒரு ஜெராக்ஸ் கேட்டான். எடுத்துக் கொடுத்ததும் மெதுவாகச் சொன்னான்: "கால்வா நீளமெல்லாம் உங்களுக்கு எதுக்கு மேடம்? கடை நல்லா தானே ஓடுது?"

பயந்துபோனேன். ஆனால் அக்கா, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமும் வந்தது. என் வீட்டுக்காரர் இல்லை! மனு போய்ச் சேர்ந்த இடத்திலிருந்துதான் விஷயம் வெளியே போகிறது. கடையை அப்படியே போட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தேன். தபால் ரசீதைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். நீங்கள் ரசீதை விளக்கடியில் பிடித்துத் தேதியைச் சரிபார்த்தீர்கள். அப்போதும் சந்தேகம்தான்! பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப உன் வீட்டுக்காரரு தப்பிச்சாரு" என்றீர்கள். மன்னிப்பு என்ற சொல் உங்கள் வாயில் வரவில்லை. காபி போட்டுக் கொடுத்தீர்கள்.

பதில் வராததால் மேல்முறையீட்டுக்குக் கடலூர் போனோம். கோப்பை நேரில் பார்க்க உத்தரவு கிடைத்தது. நகராட்சி அலுவலகத்தில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்துக் கோப்பைக் கொடுத்தார்கள். வேலை முடிந்ததற்குச் சாட்சியாக ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. பளிச்சென்று ஒரு வடிகால், பக்கத்தில் காகிதப்பூ படர்ந்த பெரிய கேட்டு. நம் தெருவில் அப்படி ஒரு கேட்டே கிடையாது.

"இது எந்தத் தெரு சார்?" என்று கேட்டீர்கள்.

"உங்க தெருதாம்மா. கேமரா ஆங்கிள்ல அப்படித் தெரியுது."

"ஆங்கிள்ல பூவெல்லாம் பூக்குமா சார்?"

பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சான்றிட்ட நகல் கேட்டோம். நாளைக்கு வரச்சொன்னார்கள். மறுநாள் போனபோது கோப்பு இருந்தது, போட்டோ ஒட்டியிருந்த பக்கம் இல்லை. வெளியே வந்ததும், "சந்தேகப்படுறதுல தப்பில்ல. சந்தேகத்த வாய்க்குள்ளயே வெச்சிருக்கறதுதான் தப்பு" என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு இரண்டாம் மேல்முறையீடு எழுதினீர்கள்.

அந்தப் பதில் வருமுன் சார் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்துக்கு முன் நம் தெருவில் திடீரென்று பொக்லைன் வந்து நின்றது. மின்கம்பத்திலிருந்து உங்கள் வீடு வரைக்கும் வடிகால் கட்டினார்கள். தெருவே கைதட்டியது. நீங்கள் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இது பழைய பில்லா, புது பில்லா?" என்று மேஸ்திரியைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

அந்தக் கேள்விக்குப் பதில் வாங்க உங்களுக்கு நேரமில்லை. சர்க்கரையும் சிறுநீரகமும் என்றார் டாக்டர். உண்மையிலேயே அதுதானா என்று அவரைத் துருவிக் கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டது இதுதான்.

உங்கள் உடலை எடுப்பதற்குமுன் காண்டிராக்டரின் ஆள் மாலையோடு வந்தான். துபாயிலிருந்து வந்திருந்த உங்கள் மகன், யாரென்று தெரியாமல், அவன் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அந்த ஆள் திரும்பும்போது என்னைப் பார்த்து, "அம்மாவோட எல்லாம் முடிஞ்சிது, பாவம்" என்றான். எது முடிந்தது என்று அவன் சொல்லவில்லை.

காரியம் முடிந்ததும் புது மனு எழுதினேன். புதிதாகக் கட்டிய பாதிக்கு யார் பணம் கொடுத்தது, எந்தக் கணக்கில், பில் நகல் வேண்டும். இம்முறை சிதம்பரம் போகவில்லை. என் கடையிலேயே நகல் எடுத்து, என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். "யாரையுமே நம்ப மாட்டியா நீ?" என்றார். "உங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று அவரிடம் சொன்னேன். நகராட்சிக்கு நேரில் போய் மனுவைக் கொடுத்துச் சீல் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஒரு மாதமாகப் போகிறது. ஆப்பிளோடு யாரும் வரவில்லை. ஆதாரை நீட்டிக்கொண்டு யாரும் கடை வாசலில் நிற்கவில்லை. எதிரில் பார்த்தால் காண்டிராக்டரின் ஆள் வணக்கம்கூட வைக்கிறான்.

அதுதான் அக்கா, எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.