செங்கல்லில் வந்த எண்ணெய்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் ஆய்வகத்தின் இளம் ஆராய்ச்சியாளனுக்குக் 'கல்லுளிமங்கன்' என்று பட்டப்பெயர். கல்லோடுதான் வேலை, பேச்சும் குறைவு. தன் கறுப்புப் பாறையை அறுத்து, பொடித்து, கரைப்பானில் ஊறவைத்து வடித்த சாற்றைக் கொண்டுவந்தான். அதைக் குரோமட்டோகிராஃப் கருவியில் விட்டுப் பிரிப்பது என் வேலை. குழாய்க்குள் போகும் கலவையில் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் வெளியே வரும். எண்ணெய்களில் இருக்கும் அரோமேட்டிக் வகைச் சேர்மம் வந்தால் திரையில் கோடு மலைபோல் எழும்பும்.

எழும்பியது! உயிரின் தடயமே இருக்காது என்று எல்லோரும் சொன்ன பழைய பாறையில், பழங்கால உயிர்கள் மக்கி உண்டான கச்சா எண்ணெயில் இருக்கும் அதே சேர்மங்கள்.

"அக்கா, நெஜந்தானே?" பேசாதவன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

மார்ச் 6, வியாழன்

கட்டுரை எழுதி இதழுக்கு அனுப்பிவிட்டான். மேலே அவன் பெயர், துறைத் தலைவர் பெயர். நான் கடைசியில், நன்றி சொல்லும் வரியில். பரவாயில்லை.

பரவாயில்லையா?

மார்ச் 10, திங்கள்

எண்ணெய் வேறெங்கிருந்தாவது ஒட்டியிருக்குமோ என்று மனசு கேட்கவில்லை. உலையில் நன்றாகச் சுட்ட செங்கல் துண்டு ஒன்றை எடுத்தேன். அதில் எண்ணெய் மிஞ்ச வழியே இல்லை. அவன் பாறையை அறுத்த மெஷினிலேயே அறுத்து, சாறெடுத்து ஓட்டினேன். அதே மலைகள். அப்படியென்றால் எல்லாம் மெஷினுக்குப் போடும் எண்ணெய்தான்.

அவனிடம் சொல்லத்தான் மாடி ஏறினேன். வழியில் தலைவர், கையில் டீயோடு. "என்னம்மா, முகமே சரியில்லையே?"

சொல்லிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கூட்டத்தில் தலைவர்: "மெஷின் எண்ணெயில உயிரைக் கண்டுபிடிச்சிருக்காரு நம்ம ஆளு." எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்கு அப்போதுதான் தெரியும்.

வெளியே வந்ததும் கேட்டான். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா. நானே போய்ச் சொல்லியிருப்பேனே."



மார்ச் 12, புதன்

"உண்மையத்தானே சொன்ன?" என்கிறார் வீட்டுக்காரர். உண்மைதான். ஆனா யார்கிட்ட மொதல்ல சொன்னேன்? தலைவர் கேட்டதும் வாய் ஏன் அவ்வளவு சுலபமாத் தெறந்துச்சு? அந்த நன்றி வரி உள்ளுக்குள்ள உறுத்திக்கிட்டே இருந்திருக்கு — ச்சீ.

மார்ச் 15, சனி

அவன் வேலைக்கு வரவில்லை என்று வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். "உள்ளதான் இருக்காரு. பாக்க வேணாங்கிறாரு." தண்ணீர் கொடுத்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

வந்துவிட்டான். கை கழுவும் தொட்டியருகே பிடித்து நிறுத்திச் சொன்னேன்: "உன் மேல பொறாமைப்பட்டேன்."

"தெரியும்," என்றான். கையைத் துடைத்துக்கொண்டே, "எண்ணெய் வெளிப்பக்கம்தான் பட்டிருக்கும். மெஷினே இல்லாம, சுத்தியலால மேல் ஓட்டைத் தட்டித் தள்ளிட்டு நடுப்பாறையை மட்டும் எடுக்கிறேன். ஓட்டித் தருவீங்களா?"

அக்கா என்று கூப்பிடவில்லை. கேட்டானே, அதுவே பெரிசு.

மார்ச் 20, வியாழன்

பாறைக்கு உள்ளே எண்ணெய் இருக்கணும். எனக்காகவாவது இருக்கணும்.

மார்ச் 25, செவ்வாய்

இரண்டு பேரும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தோம். கோடு எழும்பவே இல்லை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

அழுதது நான்தான். அவன், "குழாயைக் கழுவி இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றான்.

ஓட்டினேன். அதேதான். பாறைக்குள் ஒன்றுமே இல்லை.

மார்ச் 26, புதன்

"தலைவர்கிட்ட நானே சொல்றேன். நீங்களும் வாங்க. ஆனா வாயைத் தெறக்காதீங்க," என்றான்.

போனேன். நின்றுகொண்டே எல்லாம் சொன்னான். மெஷின் எண்ணெய், செங்கல், அதை ஓட்டிப் பார்த்தது நான் என்பது, நடுப்பாறையில் ஒன்றும் இல்லாதது, கட்டுரையைத் திரும்பப் பெறுவது. இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. குரல் நடுங்கவில்லை.

தலைவர் என்னைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அவனே சொல்லட்டும் என்று அவன் பக்கம் திரும்பி நின்றேன். தலைவரும் அவன் பக்கம் திரும்பினார்.