ஓகாவா சாருக்கு வைத்த பச்சை மீன்

10-9-91, செவ்வாய்

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. அவர் இன்றும் எழுந்து உட்காரவில்லை, சுவர்ப் பக்கமே முகம். சஸ்பெண்ட் ஆகி ஒன்பது நாள். ஒரு வாய் கஞ்சி, அதுவும் திட்டினால்தான்.

பதினொரு மணிக்கு தேவராஜ் சார் வந்தார், அவருடைய சூப்பர்வைசர். உள்ளே வரவில்லை.

“வசந்தா, ஓகாவாவ ஞாயித்துக்கெழம மதியம் இங்க இட்டாரேன். மூணு வாரமா கேண்டீன்ல ஒண்ணும் தொட மாட்டேன்றாரு. பிரெட்டு, வாழப்பழம், அவ்ளோதான். அவுங்க ஊரு சாப்பாடு ஒரு வேள போடு, மனசு எறங்கும். திங்கக்கெழம ரிப்போர்ட் எழுதறாரு.”

“அவுங்க ஊரு சாப்பாடுன்னா இன்னா சார்?”

“பச்ச மீனு. அடுப்புலயே வெக்கக் கூடாது.”

ஓகாவா ஜப்பானிலிருந்து வந்த இன்ஜினியர். கம்பெனி அனுப்பிய சரக்கில் அளவு தப்பான புஷ் (சின்ன இரும்பு வளையம்) இருப்பதைக் கண்டுபிடித்தவர். பெட்டிகளில் ‘அளந்து பார்த்தது’ என்று என் வீட்டுக்காரர் கையெழுத்து. ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினால் ஆறு வருட வேலை போச்சு.

போகும்போது இவரைப் பார்த்து தே. சார்: “நீ வாயத் தொறக்காத ஏகாம்பரம். நான் பேசிக்கிறேன்.” நல்ல மனுஷன்.

11-9-91, புதன்

தே. சார் சொன்னபடி லிஸ்ட்:
வெள்ளரிக்காய்
முள்ளங்கி, மெல்லிசாக
வினிகர் (பேக்கரிக்காரர் கொடுத்தார்)
சர்க்கரை கொஞ்சம்
எள்ளு எண்ணெய். நம் நல்லெண்ணெய் போதாதா? போதும்.
கறுப்பு சாஸ் பாட்டில், தே. சார் மெட்ராஸிலிருந்து கொண்டுவருவார்
மீன்

ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டில் வஞ்சிரம், கண் உள்ளே போயிருந்தது. ஐஸ் மட்டும் புதுசு. இருந்தாலும் ஒரு துண்டு வாங்கி ஒத்திகை. கழுவும்போது கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போய்விட்டது. உப்பு, மஞ்சள், நாலு தண்ணீர். மீன் கழுவ வேறு வழி எனக்குத் தெரியாது. வெட்டி வைத்தால் தட்டெல்லாம் மஞ்சள்.

வீட்டுக்கார பத்மா அக்கா எட்டிப் பார்த்தது. “இன்னாடி இது, மஞ்ச தண்ணி ஊத்துன ஆடு மாதிரி கீது.”

ஒரு துண்டு வாயில் போட்டேன். விழுங்கினேன். பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி. அவர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சுவர்.

12-9-91, வியாழன்

மழை. கூரை ஒரு இடத்தில் ஒழுகல்.

மறுபடி ஒத்திகை, மஞ்சள் இல்லாமல். நாற்றம். இதை எப்படி ஒரு மனுஷனுக்கு வைப்பது? உட்கார்ந்து அழுதேன். கத்தியைக் கழுவிக்கொண்டே அழுதேன்.

ப. அக்கா: “ஞாயித்துக்கெழமையோட முடிச்சிக்கோ. அடுத்த வாரம் பொரட்டாசி. அப்பால இந்த வூட்ல மீன் வாசன வரக் கூடாது.” ஞாயிறு தாண்டினால் எனக்கு மீன் எதற்கு அக்கா?

மீன்காரம்மா ஒரு யோசனை சொன்னது. “ஐஸ் மீன்ல இன்னா ருசி? ஏரி வத்திக்கினு வருது, வெரால் மாட்டுது. உசுரோட தரேன்.” உயிரோடு இருக்கிற மீனை விடப் புதிது எது? ஏன் முதலிலேயே தோன்றவில்லை.

14-9-91, சனி

விரால் மூன்று. பிளாஸ்டிக் குடத்தில் விட்டிருக்கிறேன். துள்ளுகிறது. மேலே தட்டு, தட்டின் மேல் அம்மிக் குழவி.

முள்ளங்கி நறுக்கிப் பழகிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல். பதின்மூன்று நாளில் அவராகப் பேசியது இதுதான்.

“நான் அளக்கல வசந்தா.”

லாரி நின்றுகொண்டிருந்ததாம். கையெழுத்துப் போடு, அப்புறம் அளந்துக்கலாம் என்றாராம் தே. சார். இவர் ஒரு புஷ்ஷைக்கூட அளவு பார்க்கும் கேஜில் விட்டுப் பார்க்காமல் பெட்டி பெட்டியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

“அப்பால ஏன் அவரு பேர சொல்லல?”

“கை என்னுதுதான.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் முள்ளங்கியைத் தூக்கி எறிந்தேன். நல்ல மனுஷன் என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

15-9-91, ஞாயிறு

வெயில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒரு மணிக்கு வந்தார்கள். ஓகாவா சின்ன உருவம், சட்டை தொளதொளவென்று. வாசலில் ஷூவைக் கழற்றி நேராக வைத்தார். பாயில் உட்கார்ந்தார். சாப்பிடச் சொந்தக் குச்சி கொண்டுவந்திருந்தார்.

தட்டை வைத்தேன். வெள்ளரி, முள்ளங்கி, மேலே விரால் துண்டுகள், வெள்ளை வெளேரென்று. மஞ்சள் துளி இல்லை. அவர் கண் நிறைந்துவிட்டது, பொய் இல்லை. குச்சியில் ஒரு துண்டு எடுத்து, “ஸீ?” என்று கேட்டார். கடல் மீனா என்று.

தே. சார் உடனே, “எஸ் சார், ஸீ ஃபிஷ்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷில் முப்பத்தேழு மார்க். “நோ சார். லேக். லைவ்!” குடத்தைத் தூக்கிவந்து மிச்சம் ஒரு மீனைக் காட்டினேன்.

குச்சி அப்படியே நின்றது. துண்டைத் தட்டில் வைத்துவிட்டார். எனக்குப் புரியும்படி மெதுவாக இங்கிலீஷில் சொன்னார். ஏரி மீன், ஆற்று மீன் பச்சையாக அவர்களும் தின்பதில்லை. உள்ளே புழு. வயிற்றைக் காட்டினார். கோபம் இல்லை. தட்டை இரண்டு கையாலும் என் பக்கம் நகர்த்தினார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிறகு, கடல் மீன் என்று சொன்ன தே. சாரையே பார்த்தார்.

அப்போது இவர் வாயைத் திறந்தார். தமிழில்தான், தரையைப் பார்த்துக்கொண்டு. “நான் ஒண்ணுகூட அளக்கல சார். லாரி நிக்குது, போட்டுடுன்னாரு தேவராஜ் சாரு. போட்டுட்டேன்.”

ஓகாவா தே. சார் பக்கம் திரும்பினார். தே. சார் சிரித்தார். “ஹி ஸேஸ் ஸாரி ஃபார் த ஃபிஷ், சார்.”

ஃபிஷ் என்ற வார்த்தை எனக்குத் தெரியாதா? இவர் மீனைப் பற்றி எங்கே பேசினார்? “நோ சார். மெஷர் நோ. சைன் ஒன்லி. லாரி வெய்ட்டிங். தேவராஜ் சார் டெல்லிங், ஹஸ்பெண்ட் சைனிங்.” மூன்று தடவை சொன்னேன்.

தே. சார்: “வசந்தா, உன் புருசன் சோத்துல நீயே மண்ண போடற.”

ஓகாவா எழுந்தார். இவரிடம் ஒரே வார்த்தை: “டுமாரோ.” போய்விட்டார்கள்.

விராலை எல்லாம் குழம்பு வைத்து ப. அக்காவுக்குக் கொடுத்தேன். எனக்கு இறங்கவில்லை. என்ன செய்துவிட்டேன்.

16-9-91, திங்கள்

காலையில் போனவர் ஆறு மணிக்கு வந்தார். தீர்ப்பு இதுதான்: திரும்பி வந்த சரக்கு ஆயிரத்து இருநூறு புஷ். அத்தனையையும் ஓகாவா முன்னால் இவரே ஒவ்வொன்றாக அளக்கவேண்டும். தப்பான புஷ் ஐம்பதைத் தாண்டினால் வேலை இல்லை. தே. சாரை லைனிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள்.

“எத்தினி ஆச்சு?”

“முக்காவாசி முடிஞ்சிது. நாப்பத்தேழு தள்ளிட்டேன்.”

இன்னும் மூன்று பெட்டி, முந்நூறு புஷ் பாக்கி. கணக்குப் போட எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

17-9-91, செவ்வாய்

காலை. தூறல். எண்ணெய் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தார். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“மயிரிழதான வித்தியாசம்ன்றீங்க. ஒண்ணு ரெண்ட கண்டுக்காம உட்டா இன்னா?”

சீப்பை வைத்தார். “கேஜ்ல போவலன்னா போவல, வசந்தா.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே. ஆறு வருடத்தில் இந்த மனிதர் இவ்வளவு சீக்கிரம் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை.