வழக்கில்லாத ஊர்

என் வீட்டுக்காரிக்கு,

புதுத் தாலுகாக் கச்சேரி உங்கள் ஊருக்குப் போனது எங்களால்தான். போன சாரலில் குற்றாலத்தில் முகாமிட்டிருந்த கலெக்டர் துரை, இடம் பார்க்க முதலில் இங்கேதான் வந்தார். "இந்த ஊரில் வழக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல சண்டையே கெடையாதுய்யா" என்றார் கிராம முன்சீப், பெருமையாக. நானும் தலையாட்டினேன். நீ உன் அப்பா வீட்டுக்குப் போய் அப்போது எட்டு மாதம்.

சண்டையில்லாத ஊருக்குக் கச்சேரி எதற்கு என்று துரை உங்கள் ஊருக்குப் போய்விட்டார். அங்கே உன் அப்பா, "எங்க வீட்டுலயே ஒண்ணு கெடக்குய்யா, மருமவன் மேல" என்றாராம்.

அந்த வழக்கில் எனக்குச் சம்மன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வாய்தா. கச்சேரிக்கு உன் தெரு வழியாகத்தான் நடக்க வேண்டும். தனியாக இருந்து அலுத்துவிட்டது எனக்கு. வாசலில் ஒரு செம்பு தண்ணீர் வை. இந்தத் தடவை யார் கேட்டாலும் சண்டை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இன்னும்
உன் வீட்டுக்காரன்