இதோடு சேர்ந்து போகிறவை

7 நவம்பர், செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மத்திகிரி முழுக்க மாட்டுப் பண்ணை வாசனை. முதல் ஷிப்ட் முடிந்து வந்து துணி ஊறவைத்தேன். பிறகு ‘கூடை’.

வீட்டுக்கார லட்சுமம்மா எட்டிப் பார்த்தார். “ஊட்டா ஆயித்தாம்மா, சாப்ட்டியா? அந்த லேப்டாப்புல அப்படி என்னா பண்ணினே இருக்கே?”

லினக்ஸில் ஒரு புரோகிராமைப் போடவோ எடுக்கவோ கமாண்ட் அடிக்க வேண்டும், அது தெரியாதவர்கள் படத்தைத் தட்டினால் போதும் என்று ஒரு சாஃப்ட்வேர் செய்கிறேன், பெயர் கூடை, இலவசம் என்றேன்.

“சும்மா குடுத்தா கூட்டம் அள்ளுமே!”

சிரித்து வைத்தேன். மூன்று வருட வேலை. எனக்குத் தெரிந்து பயன்படுத்துகிறவர் ஒருவர்: ராயக்கோட்டைப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் சரோஜா. நேரில் பார்த்ததில்லை.

இன்று பேசியவர்கள்: லட்சுமம்மா, கேன்டீன்காரர் (“சாம்பாரா ரசமா?”), கண்டக்டர்.

9, வியாழன்

வெயில். ஷிப்ட் முடிந்து போனைப் பார்த்தால் சரோஜா டீச்சரின் வாய்ஸ் மெசேஜ்.

“மேடம், பசங்க சீட்டு கேம் ஆடினே இருக்காங்கன்னு நேத்து பத்து கம்ப்யூட்டர்லயும் அதை எடுத்துட்டேங்க. உங்க கூடையிலதான். இன்னிக்கு ஆன் பண்ணா ஒண்ணுலயும் படம் வரல. கறுப்பா, வெறும் எழுத்து. திங்கக்கிழமை பிராக்டிகல் வெச்சிருக்கேன். நான் என்னாங்க தப்பு பண்ணேன்?”

தப்பு அவருடையது இல்லை. என்னுடையது. அந்த விளையாட்டு, திரையில் படங்களைக் காட்டும் டெஸ்க்டாப்போடு ஒரே கட்டாக வருவது. அதை எடுத்தால் கட்டு அவிழ்ந்துவிடும். மற்றதெல்லாம் இனி வேண்டாதவை என்று கணக்காகி, கூடவே போய்விடும். போகிறவற்றின் பட்டியல் கூடையிலும் இருக்கிறது. நூற்றுச்சொச்சம் பெயர்கள், பார்த்தால் ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று நான்தான் அதை, தட்டினால் மட்டும் விரிகிற ஒரு சின்ன அம்புக்குறிக்குள் மடித்து வைத்தேன்.

தொழிற்சாலையில் ஒரு போல்ட்டைக் கழித்தாலும் காரணம் எழுதி சிவப்பு டேக் கட்டுகிறவள் நான். அறிவு வேண்டாமா?

இருந்த ஒருவரும் விட்டுவிடுவார். பயமாக இருக்கிறது. ஞாயிறு வருகிறேன் என்று அனுப்பினேன்.

12, ஞாயிறு

ராயக்கோட்டை பஸ். காலடியில் யாருடையதோ காலி தக்காளிப் பெட்டி.

எடுத்துப்போனவை: பென் டிரைவ் 2, சார்ஜர், கேபிள், குடை. குடையை பஸ்ஸிலேயே விட்டேன்.

ஸ்டாண்டில் டீச்சர் ஸ்கூட்டியோடு நின்றார். என் பின்னால் பார்த்தார். “நீங்க ஒருத்தர்தானா? டீம் வரும்னு நெனச்சேங்க.”

“டீமே இவ்வளவுதான் டீச்சர்.”

பள்ளியில் முதல் கம்ப்யூட்டருக்கு என் போன் நெட்டிலேயே டெஸ்க்டாப்பை இறக்கினேன், இரண்டு மணி நேரம். மற்ற ஒன்பதுக்கும் பென் டிரைவில் கொண்டுபோனேன். எல்லாம் கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான். டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். மதியம் அவர் கொண்டுவந்த களியும் கீரைக் குழம்பும். ஒருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று.

பத்தும் எழுந்தன. கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கறுப்புலயே எல்லாம் செய்யலாம் போலிருக்கே? என்னென்ன வரும், என்னென்ன போகும்னு மொத்தமும் காட்டுது, அப்புறம் சரியான்னு கேக்குது. எனக்கு இது புரியுது. அந்த கமாண்டை எழுதிக் குடுத்துடறீங்களா?”

எழுதிக் கொடுத்தேன். சார்ட் பேப்பரில், ஸ்கெட்ச் பேனாவால், பெரிய எழுத்தில், என் கையாலேயே. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

13, திங்கள்

பல் வலி. கிராம்பு வைத்தேன்.

அம்புக்குறியை எடுத்தாயிற்று. இனி பட்டியல் விரிந்தேதான் நிற்கும். தலைப்பு: ‘இதோடு சேர்ந்து போகிறவை’. அதைக் கடைசிவரை நகர்த்திப் பார்க்காமல் நீக்கு பொத்தான் அமுங்காது. புதிய பதிப்பு வெளியிட்டேன்.

யாருக்கு என்று தெரியவில்லை.

டீச்சரிடமிருந்து செய்தி இல்லை. பிராக்டிகல் நடந்திருக்கும்.

16, வியாழன்

மறுபடி தூறல். குடை வாங்க வேண்டும். புதிய பதிப்பை இறக்கியவர்கள்: ஒருவர். அது நான், சோதித்துப் பார்க்க.

மாலையில் டீச்சரின் வாய்ஸ் மெசேஜ்.

“மேடம், பிராக்டிகல் நல்லா முடிஞ்சதுங்க. இப்ப எல்லாம் கமாண்ட்லயே பண்றேனா, சரி, கூடை எதுக்கு சும்மா கெடக்குதுன்னு எடுக்கப் போனேன். என்னென்ன போகும்னு காட்டுச்சு. ஒரே ஒரு பேருங்க. கூடை மட்டும். கூட போறதுக்கு ஒண்ணுமே இல்லை. எடுக்கட்டுமான்னு கேட்டுச்சு. எனக்கு மனசு வரலீங்க. வேணாம்னு அடிச்சுட்டேன்.”

நான்கு தடவை கேட்டுவிட்டேன்.